உளுந்துக்கு முதலில் நாள் குறியுங்கள், நெல் அப்புறம்

வாசகர் கடிதம்: ஐயா, எனக்கு வயது 46. பர்மாவில் பெகு பக்கம், வாவ் டவுன்ஷிப்பில் ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்து 9 ஏக்கர். மழைக்கு நெல், அது அறுத்ததும் உளுந்து. நான்கு ஏக்கர் மேடு, மூன்று நடுத்தரம், இரண்டு ஏக்கர் ஆற்றுப் பக்கம் பள்ளம். 140 நாள் நெல்தான் எப்போதும் போடுவேன். போன வருஷம் மழை தாமதம், ஜூலை முதல் வாரம்தான் நாற்றே விட்டேன். ஆகஸ்டில் வெள்ளம் வந்து பாதி நடவை மறுபடி நட்டேன். அக்டோபரில் விடவேண்டிய மழை நவம்பரிலும் பெய்தது. உளுந்து விதைக்கும்போது டிசம்பர் 28. ஏக்கருக்கு 12 கூடை எடுத்த நிலத்தில் 4 கூடை, அதுவும் செடியெல்லாம் மஞ்சள். பள்ளத்து இரண்டு ஏக்கரில் வெயில் காலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கடன் மாதம் 5 வட்டிக்கு ஏறிக்கொண்டே போகிறது. மூத்த மகன் மலேசியாவில் இருக்கிறான். மச்சான் 'பம்பு வைத்துக் கோடை நெல் போடு' என்கிறார், வீட்டுக்காரி 'விற்றுவிட்டு ரங்கூன் போகலாம்' என்கிறாள். என்ன செய்யட்டும்?

தம்பி, உங்கள் கடிதம் முழுதாக ஐந்து பக்கம், மேலே இருப்பது நான் சுருக்கியது. அதில் நெல்லைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், உளுந்தைப் பற்றி ஏழெட்டு வரி. ஆனால் நீங்களே எழுதிய கணக்கைக் கூட்டிப் பார்த்தால், நெல் வீட்டுக்கு அரிசி போட்டு உரக்காசையும் ஆள்கூலியையும் கட்டிவிட்டு அதோடு நின்றுவிடுகிறது. கடனை அடைத்தது, மகளுக்குத் தோடு வாங்கியது, கூரைக்குத் தகரம் போட்டது எல்லாம் உளுந்துதான். அதைத்தான் நீங்கள் மிச்சம் மீதி நாளில், மிச்சம் மீதி ஈரத்தில் விதைக்கிறீர்கள். உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை, இந்தப் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் செய்தோம், நானும் வேளாண்மைத் துறையில் இருந்த காலம் முழுக்க நெல்லுக்குத்தான் நாள் பார்த்துச் சொன்னேன். மழை ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போன காலத்தில் அது போதுமாக இருந்தது.

நம் தாத்தாமார் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த பழமொழி ஒன்று உண்டு, 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று. சின்ன வயதில் அதைச் சொன்னால் பர்மியப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஏனென்றால் இங்கே அக்டோபர் வாக்கில் வரும் தடிங்யூட் பண்டிகைக்கு விளக்கு ஏற்றினால் மழை மூட்டை கட்டிவிடும், ஐப்பசியில் வயல் காயத் தொடங்கிவிடும். இப்போது அந்தப் பழமொழி கடல் தாண்டி வந்து நமக்கும் பொருந்தப் பார்க்கிறது. 2023 அக்டோபரில் பெகு ஊரே தண்ணீரில் நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2024 செப்டம்பரில் யாகி சூறாவளி வியட்நாமில் கரையேறி, லாவோஸ் தாண்டி, மிச்ச மேகத்தை நம் தலையில் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் மழை வராத நாள் கூடுகிறது, வரும் நாளில் வாளியோடு கவிழ்க்கிறது. தொடக்கம் தாமதம், நடுவில் வெள்ளம், கடைசியில் போகமாட்டேன் என்று அடம். இந்த மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தால் 140 நாள் நெல்லுக்குப் பின்னால் உளுந்துக்கு இடமே இல்லை. போன வருஷம் உங்களுக்கு நடந்தது அதுதான்.

சரி, கணக்கைத் திருப்பிப் போடுவோம். நெல்லிலிருந்து தொடங்க வேண்டாம், உளுந்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கார்த்திகை பிறக்கும்போது, அதாவது நவம்பர் நடுவில், உளுந்து மண்ணில் இருக்கவேண்டும். அப்படி விழுந்த விதை 35, 40 நாளில், பனியும் குளிரும் இருக்கும்போதே பூக்கும், தை கடைசி, மாசி தொடக்கத்தில் அறுத்துவிடலாம். டிசம்பர் 28இல் விழுந்த விதை பிப்ரவரியில் பூக்கிறது, அப்போது களிமண் வெடித்துக் கிடக்கும், வெயில் ஏறியிருக்கும், வெள்ளை ஈ பெருகியிருக்கும். உங்கள் செடி மஞ்சளானதற்கு உரக்குறைவு காரணம் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இலை முழுக்க ஒரே சீராக வெளுக்காமல், மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தது என்று நீங்களே எழுதியதை வைத்துப் பார்த்தால் அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு யூரியா தெளித்தால் வெள்ளை ஈக்கு விருந்து வைத்த மாதிரி. வந்தபின் மருந்தும் கிடையாது. முதல் மூன்று வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் செடியைப் பிடுங்கிப் புதைப்பது ஒன்று, முன்பட்டத்தில் விதைத்து ஈயை முந்திக்கொள்வது ஒன்று, தாக்கிய வயலின் விதையை மறு வருஷத்துக்கு வைக்காமல் இருப்பது ஒன்று. போன வருஷ விதை பானையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஆட்டி இட்லி சுடுங்கள், விதைக்க வேண்டாம்.

அப்படியானால் நவம்பர் 10க்குள் நெல் வயலைவிட்டு வெளியேற வேண்டும். மேட்டு நான்கு ஏக்கருக்கு 115 நாள் ரகம் எதையாவது போடுங்கள். ஜூலை 10 வரை நாற்று விட்டாலும், பிடுங்கி நடும்போது செடி ஒரு வாரம் சோர்ந்து நிற்பதையும் சேர்த்தால், நவம்பர் 9, 10க்கு அறுப்பு. நடுத்தர மூன்று ஏக்கருக்கு 130 நாள் ரகம் போடலாம், ஆனால் ஜூன் 25க்குள் நாற்றங்காலில் விதை விழவேண்டும். மழைக்குக் காத்திருந்தால் இது நடக்காது. மூன்று ஏக்கர் நடவுக்குக் கால் ஏக்கர் நாற்றங்கால் போதும், அந்தக் கால் ஏக்கருக்கு வீட்டுக் குளத்துத் தண்ணீரை இறைத்துக்கொள்ளலாம், டீசல் கொஞ்சம்தான் பிடிக்கும். ஜூன் 25 தேதியைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அதற்குள் 130 நாள் நாற்று விடமுடியவில்லை என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏழு ஏக்கருக்கும் 115 நாள் ரகத்துக்கு மாறிவிடுங்கள். அதற்கு விதை முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும், ஜூலையில் ஊரே தேடும்போது கிடைக்காது.

குறுகிய நாள் ரகத்தில் ஏக்கருக்கு அஞ்சு, பத்துக் கூடை குறையும், மறைக்கவில்லை. இன்னொரு தொல்லை, ஊரில் உங்கள் வயல் மட்டும் முதலில் முற்றினால் குருவியும் எலியும் ஊரிலுள்ள அத்தனையும் அங்கேதான் வந்து உட்காரும். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசி ஒன்றாகப் போடுங்கள், பர்மியரோ கரீனோ நம்மவரோ, எலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அறுவடை மெஷினும் நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டால்தான் சொன்ன நாளில் வரும். அக்டோபர் நடுவிலேயே முற்றும்படி ரொம்ப முன்னால் போடாதீர்கள், அப்போது மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிடும். 2018இல் என் பேச்சைக் கேட்டு ஒருவர் அப்படி முன்னால் போட்டு, நனைந்த நெல்லை ரோட்டில் உலர்த்த இடமில்லாமல் பாதி விலைக்குக் கொடுத்தார். அந்த வீட்டுப் பக்கம் இன்னும் நான் தலை நிமிர்ந்து போவதில்லை. 14 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால்தான் நெல் மூட்டையில் நிற்கும், அதனால் இரண்டு நல்ல தார்ப்பாய் வாங்கி வைப்பது உரமூட்டை வாங்குவதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

உளுந்தை எப்படி விதைப்பது என்பதில்தான் நீங்கள் இன்னும் பத்து நாள் மிச்சம் பிடிக்கலாம். நெல்லை அறுத்து, கட்டைத் தூக்கி, உழுது, அப்புறம் விதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்து என்று ஒன்று செய்வார்கள், உங்கள் தாத்தா ஊரில் இன்றும் தை மாதத்தில் நடக்கிறது. அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தை வீசி விதைத்துவிடுவார்கள். கால் வைத்தால் தடம் பதியவேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது, அதுதான் பதம். நெல் அறுபடும்போது உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும், உழவு கிடையாது, ஈரம் வீணாகாது. ஏக்கருக்கு 12 கிலோ விதை, நம் கணக்கில் ஏழெட்டு வீசை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும், ஏனென்றால் வைக்கோலில் சிக்கி, குருவி பொறுக்கிக் கொஞ்சம் போகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது கையால் அறுக்கும் வயலுக்குச் சரி. மெஷின் இறங்கும் வயலில் பத்து நாள் முன்னால் விதைத்தால் முளைத்த செடியைச் சங்கிலிச் சக்கரம் நசுக்கிவிடும், அங்கே மூன்று நான்கு நாள் முன்னால், விதை முளைவிடும் முன்பே மெஷின் போய்விடும்படி விதையுங்கள். மெஷின் ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போகும் வைக்கோலை அன்றைக்கே உதறிப் பரப்பவேண்டும், இல்லாவிட்டால் அதன் அடியில் உளுந்து வெளிறிச் சாகும். முதல் வருஷம் ஏழு ஏக்கரிலும் செய்யவேண்டாம். மேட்டில் இரண்டு ஏக்கர் மட்டும் செய்துபாருங்கள், மற்றதை வழக்கம்போல உழுதே போடுங்கள், அடுத்த தைப்பொங்கலுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எப்படி விதைத்தாலும் வடிகால் இல்லாமல் விதைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு சின்ன வாய்க்கால், ஒரு மண்வெட்டி அகலம் போதும், கடைசியில் எல்லாம் ஒரு பெரிய வடிகாலில் சேரவேண்டும். நெல் தண்ணீரில் நிற்கும், உளுந்து இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் வேர் அழுகிவிடும், நவம்பர் மழை இனி வரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பூக்கும்போது ஒரு தடவை, அதற்குப் பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை, டிஏபி கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முந்தின இரவு ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அசைக்காமல் தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் பூ உதிர்வது குறையும், காய் நிரம்பும். உளுந்துக்கு நான் செலவு செய்யச் சொல்லும் உரம் அது ஒன்றுதான்.

இப்போது பள்ளத்து இரண்டு ஏக்கர். உப்பு என்றதும் பயந்துபோய் ஜிப்சம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், காசு வீண். நர்கீஸ் புயலுக்குப் பிறகு, 2008இல், ஐராவதி டெல்டாவில் லபுட்டா பக்கம் வயலெல்லாம் கடல்தண்ணீர் ஏறி நின்றதை நான் நேரில் பார்த்தேன். இனி ஐந்து வருஷத்துக்குப் புல்கூட முளைக்காது என்று எல்லோரும் சொன்னோம். மே மாதம் 2, 3 தேதிகளில் புயல், அடுத்த சில வாரத்தில் பருவமழை இறங்கியது, அந்த மழைத் தண்ணீரே பெரும்பாலான உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அந்த வருஷம் நெல் போடமுடியாமல் போனவர்களுக்கு உப்பைவிடப் பெரிய அடி, எருமை செத்துப்போனதும் விதைநெல் அடித்துப் போனதும், வீட்டில் வேலை செய்ய ஆளே இல்லாமல் போனதும்தான். செத்தவர், காணாமல் போனவர் சேர்த்து 1,38,000 பேர், அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

உங்கள் உப்பு ஒரு நாள் புயலில் வந்ததில்லை, வருஷா வருஷம் வெயில் காலத்தில் சித்தாங் ஆறு வழியாக மேலேறி வரும் கடல்தண்ணீர் வாய்க்காலில் புகுந்து, மண்ணுக்குள் ஊறி, வெயில் இழுக்க மேலே வந்து பூக்கிறது. அதனால் ஜனவரி கடைசியிலேயே அந்த வாய்க்கால் மதகை அடைத்துவிடுங்கள், பலகை இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள், நண்டு வளை இருக்கிறதா என்று வரப்பைச் சுற்றிப் பாருங்கள். அறுத்தபின் மண்ணை மொட்டையாக விடாமல் வைக்கோலைப் பரப்பி வையுங்கள், மண் காய்வது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். முதல் மழையில் தண்ணீரை மூன்று நான்கு நாள் தேக்கி, ஆறு வற்றியிருக்கும் நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் நடவுக்கு நிலம் தயார். அங்கே நடுவதற்கு 30, 35 நாள் முற்றிய நாற்றாக எடுத்து, குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள், இளம் நாற்றுக்கு உப்பு தாங்காது.

அந்தப் பள்ளம் வெள்ளத்திலும் மூழ்குகிறது என்பதால் யேம்யோக்கான் விதை கிடைத்தால் அங்கே போட்டுப் பாருங்கள். நம் இந்தியச் சுவர்ணா நெல்லில், ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றில் கண்டுபிடித்த வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்தது அது. முழுக்க மூழ்கினாலும் பத்து, பதினான்கு நாள் வரை உயிரோடு இருக்கும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ஆனால் வெள்ளம் தாங்குவது வேறு, உப்புத் தாங்குவது வேறு, இது முதலாவதற்குத்தான். நாளும் நீளம், 140க்குக் குறையாது, மூழ்கி எழுந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதனால்தான் இதை மேட்டில் போடச் சொல்லவில்லை. பள்ளத்தில் எப்படியும் உளுந்து போடப்போவதில்லை, உளுந்துக்கு உப்பு ஜென்மப் பகை. ஈரம் இருந்தால் கால் ஏக்கர் சூரியகாந்தி தூவிப் பாருங்கள், அது கொஞ்சம் தாங்கும். இல்லாவிட்டால் வாத்துக்காரருக்கு மேய்ச்சலுக்கு விடுங்கள்.

உங்கள் மச்சான் சொல்வது, கோடை நெல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு காலத்தில் அரசாங்கமே அதைத்தான் போடு போடு என்று விரட்டியது. ஆனால் உங்கள் இடத்தில் அது மூன்று பக்கமும் அடி வாங்கும். வாய்க்கால் தண்ணீர் பிப்ரவரியிலிருந்து கரிக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அதை எடுத்துப் பாய்ச்சினால் நல்ல ஏழு ஏக்கரையும் பள்ளத்து ஏக்கர் மாதிரி ஆக்கிக்கொள்வீர்கள். டீசல் 2021க்குப் பிறகு என்ன விலைக்குப் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் வெயில். நெல்பூ காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் விரியும், ஒரு மணி நேரம்போலத்தான் திறந்திருக்கும், அந்த நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வேலை செய்யாது, கதிர் பார்க்க நிமிர்ந்து நிற்கும், தடவினால் பதர். கோடை நெல் பூப்பது மார்ச், ஏப்ரலில். 2024 ஏப்ரல் கடைசியில் மகுவே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்தது. நம் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் நெல்பூவுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

கடன் விஷயம். மாதம் 5 வட்டி என்றால் 100 வாங்கியவர் வருஷக் கடைசியில் 160 கொடுக்கவேண்டும், வட்டிக்கு வட்டி போட்டால் 180 ஆகிவிடும். எந்தப் பயிரும் வருஷத்துக்கு அவ்வளவு வளராது. நம்மவர்கள் பர்மாவில் இந்தப் பாடத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர்கள். 1930இல் நெல்விலை விழுந்தது, கடன் அப்படியே நின்றது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1937க்குள் அது 25 சதவீதம். அவர்கள் விரும்பி வாங்கியதில்லை, கொடுத்த பணத்துக்குப் பதிலாக வந்து விழுந்த நிலம், கடைசியில் அதுவும் அவர்களுக்கு நிற்கவில்லை, 1948 நில தேசியமயச் சட்டத்தோடு போனது. அந்த நிலத்தில் கூலிக்கு அறுத்தவர்களின் பேரன்கள்தான் நீங்களும் நானும். நிலத்தைக் கொண்டுபோனது வெள்ளமா புயலா என்று கேட்டால் இரண்டும் இல்லை, விலை விழுந்த வருஷத்திலும் நிற்காமல் ஓடிய வட்டி.

அதனால் மகன் அனுப்பும் பணம் முதலில் அந்த 5 வட்டிக்குப் போகட்டும், உரத்துக்கும் வேண்டாம், வீட்டு டைல்ஸுக்கும் வேண்டாம். பையனிடம் கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள், எங்கோ தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்குத் தன் பணம் எதை அடைக்கிறது என்று தெரியவேண்டும். விவசாய வங்கிப் பருவக்கடன் கிடைக்குமானால் வட்டி குறைவு, எடுத்து இதை அடையுங்கள். அதற்கு பாரம் 7 கேட்பார்கள். 2012 விவசாய நிலச் சட்டத்தில் வந்த காகிதம் அது, அது இருந்தால்தான் நிலத்தை அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ விற்கவோ சட்டம் ஒத்துக்கொள்ளும். தாத்தா காலத்து நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள், பாரம் 7 யார் பெயரில் என்று எழுதவில்லை. நம்மவர்களில் குடியுரிமைக் காகிதம் சரியில்லாமல், தெரிந்த பர்மியர் பெயரிலோ, செத்துப்போன பெரியப்பா பெயரிலோ நிலம் கிடப்பது ஒன்றும் புதிதில்லை. விற்கலாமா வைக்கலாமா என்று வீட்டில் சண்டை போடும் முன் இதை எடுத்துப் பாருங்கள், உங்கள் பெயரில் இல்லாததை நீங்கள் விற்கமுடியாது, இழப்பீடு என்று ஏதாவது வந்தாலும் வாங்கமுடியாது.

இன்னொன்று, உளுந்து பச்சையாக நிற்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கும் பழக்கம், நெல்லுக்குச் சபாபே என்பார்களே, அந்த மாதிரி. அதை இந்த வருஷம் செய்யாதீர்கள். அறுத்த அன்றைக்கே முழுதும் விற்கவும் வேண்டாம். நம் உளுந்தை இந்த நாட்டில் அதிகம் தின்பதில்லை, பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது, சென்னையில் ஆட்டுகிற இட்லி மாவில் பெகு உளுந்து இருக்கிறது. அதனால் அதன் விலை நம் மழையைப் பார்த்து ஏறுவதில்லை, டில்லி உத்தரவைப் பார்த்து ஏறி இறங்குகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா திடீரென்று இறக்குமதிக்கு அளவு வைத்ததும் இங்கே விலை எப்படிச் சரிந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021இல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் எடுப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள், அதுவும் காலக்கெடு உள்ள காகிதம்தான். ஆக, கடனுக்கு வேண்டியதை மட்டும் அறுத்ததும் விற்றுவிட்டு, மீதியை நன்றாகக் காயவைத்து இரண்டு மூன்று தவணையாக விடுங்கள், இந்தியச் சேதி வரும்போது காதைத் திறந்து வையுங்கள், ரங்கூன் பயறுச் சந்தை விலையைப் போனில் தினமும் பார்க்க உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது வீட்டுக்காரம்மா சொன்னதற்கு வருகிறேன், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அவர் சொல்வதை மச்சான் யோசனை மாதிரித் தள்ளமுடியாது. உங்கள் வயல் ஆற்றுக்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை, 'ஆற்றுப் பக்கம்' என்று மட்டும் எழுதினீர்கள். மர்தபான் வளைகுடாவின் அலையேற்றம் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று, அமாவாசை, பௌர்ணமிக்குச் சித்தாங் முகத்தில் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கரையைத் தின்னும், எதிர்க்கரையில் கக்கும், சில வருஷம் கழித்துப் பக்கம் மாறும். கவா, தனட்பின் பக்கத்தில் கிராமம் கிராமமாகப் பெயர்ந்து உள்ளே நகர்ந்திருக்கிறார்கள், கோயிலையும் புத்த மடத்தையும் சேர்த்துத்தான். மழை மாறுவதற்கு நாள் மாற்றலாம், ரகம் மாற்றலாம். கரை அரிப்புக்கு நான் எந்த விதையும் சொல்லமுடியாது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கரை விளிம்பிலிருந்து உங்கள் வரப்பை நோக்கி நேர்கோட்டில், நூறடிக்கு ஒன்றாக மூங்கில் முளை அடித்து எண் எழுதி வையுங்கள். ஒவ்வொரு அமாவாசை, பௌர்ணமி கழிந்த மறுநாளும் போய் எத்தனை முளை மிச்சம், கடைசி முளைக்கும் விளிம்புக்கும் எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கரை நகரவில்லை என்றால் மேலே சொன்னதையெல்லாம் நிம்மதியாகச் செய்யலாம். நகர்கிறது, ஆனால் வருஷத்துக்கு நூறு இருநூறு அடி, உங்கள் வரப்பு ஒரு மைலுக்கு அப்பால் என்றால் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, நிலத்தில் செலவைக் குறைத்து, கடனை அடைத்து, பிள்ளைகளுக்கு வேறு வழி பாருங்கள். அதைவிட வேகம் என்றால் வீட்டுக்காரம்மா சொல்வதுதான் சரி, கரை வரப்பைத் தொட்டபின் யாரும் வாங்கமாட்டார்கள். அப்போதும் ஒன்பதையும் ஒரேயடியாக விற்றுவிட்டு ரங்கூன் போய், லைந்தாயா பக்கம் வாடகைக்கு உட்கார்ந்து அந்தக் காசைத் தின்னாதீர்கள். நர்கீசுக்குப் பிறகு டெல்டாவிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர், கை நிறையப் பணத்தோடு போனவர்களும் இரண்டு வருஷத்தில் தினக்கூலிக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் முதலில் ஆறு மாதம் போய் வேலை இருக்கிறதா என்று பார்த்து வரலாம்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: பாரம் 7 யார் பெயரில் இருக்கிறது, முளை எண்ணிக்கை என்ன, மதகுப் பலகையை மாற்றினீர்களா. உளுந்து விதை புதிதாக வாங்கும்போது கடைக்காரர் பேச்சை நம்பிவிடவேண்டாம். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நான்கு நாள் அடுப்படியில் வையுங்கள். 85க்குமேல் முளைத்தால் வாங்குங்கள், 70க்குக் கீழே என்றால் சாக்கோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.